ஏடு, தெளிவு, மண்டி

ஐப்பசியில் ஒரு வாரம் விடாமல் மழை பிடித்தால் போதும், பாதாளச் சாக்கடை இன்னும் வந்து சேராத புறநகர்த் தெருக்களில் செப்டிக் டேங்க் லாரி கிடைப்பது அரிதாகிவிடும். கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் தளும்பி நிற்கும். குளியலறை மூலையில் குளுக் குளுக் என்று சத்தம் கேட்கும். வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்: "டேங்க் ரொம்பிடுச்சு." லாரி வரும், ஒரு லோடு உறிஞ்சிக்கொண்டு போகும். நான்காம் நாள் மறுபடி அதே சத்தம். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ஒரே மழைக்காலத்தில் மூன்று முறை லாரி வந்தது. மூன்றாம் முறை ஓட்டுநரே இறங்கி வந்து, "இது டேங்க் கோளாறு இல்லீங்க. நிலம் முழுக்கத் தண்ணி நிக்குது. நான் எடுக்க எடுக்க மண்ணு உள்ள விட்டுக்கிட்டே இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த டேங்கின் மேல் பத்து வருடமாக வண்டி நிறுத்தி வந்தவர்களுக்குத் தெரியாத ஒன்று, பத்து நிமிடம் குழாயைப் பிடித்து நின்றவருக்குத் தெரிந்திருந்தது.

ரொம்பிவிட்டது என்ற சொல்லிலேயே தடுமாற்றம் தொடங்குகிறது. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் போல, நெல் கொட்டும் குதிரைப் போல, செப்டிக் டேங்கும் காலியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நிறையும் என்று நினைக்கிறோம். உண்மையில் புதுவீட்டுக்குக் குடிபோன சில வாரங்களிலேயே அது நிறைந்துவிடும். வெளியேறும் குழாயின் மட்டம் வரை நீர் ஏறும். பிறகு ஆயுள் முழுக்க அந்த மட்டத்திலேயே நிற்கும். இந்தப் பக்கம் ஒரு குடம் உள்ளே போனால் அந்தப் பக்கம் ஒரு குடம் வெளியே போகும். நிறைந்திருப்பதுதான் அதன் இயல்பு. ஆகவே கேட்க வேண்டியது, எதனால் நிறைந்திருக்கிறது என்பதை.

கலங்கல் தண்ணீரைப் பானையில் பிடித்து, தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டு அசையாமல் வைப்பார்கள். விடிந்து பார்த்தால் மண் அடியில் படிந்து மேலே தெளிந்திருக்கும். செப்டிக் டேங்கில் கொட்டை வேண்டாம், அசையாமை மட்டும் போதும். கனமானது கீழே இறங்குகிறது: அது மண்டி. எண்ணெய், சோப்பு நுரை, செரிக்காத இலேசான பொருள்கள் மேலே மிதந்து தோல்போலக் கட்டுகின்றன: அது ஏடு. இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஓரளவு தெளிந்த நீர். வெளியே போக வேண்டியது இந்த நடுநீர் மட்டுமே. டேங்க் செய்யும் வேலை மொத்தமும் இதுதான்: தண்ணீரை ஒரு நாளோ இரண்டு நாளோ சும்மா நிறுத்தி வைப்பது, ஏட்டையும் மண்டியையும் வெளியே விடாமல் பிடித்துக்கொள்வது.

பிடித்துக்கொண்ட மண்டி அப்படியே கிடப்பதில்லை. காற்றில்லாத இருட்டில் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றன. கிழக்குப் பிரான்சில் வெசூல் என்ற ஊரில் லூயி மூராஸ் என்பவர் 1860ஆம் ஆண்டையொட்டி வீட்டுக் கழிவுநீருக்கு ஒரு மூடிய தொட்டி கட்டினார். பல ஆண்டு கழித்துத் திறந்து பார்த்தபோது, நிறைந்து வழியும் என்று எதிர்பார்த்த திடக்கழிவில் மிகக் கொஞ்சமே மிஞ்சியிருந்தது. 1881இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1895இல் இங்கிலாந்தின் எக்ஸ்டர் நகரில் டொனால்ட் கேமரன் கட்டிய தொட்டியால்தான் 'செப்டிக் டேங்க்' என்ற பெயர் பரவியது. செப்டிக் என்றால் கிரேக்க மூலத்தில் அழுகச் செய்வது என்று பொருள். அழுகல் என்றால் நமக்கு அருவருப்பு. அந்தத் தொட்டிக்கோ அதுதான் உயிர்.

ஆனால் நுண்ணுயிர் எல்லாவற்றையும் தின்றுவிடாது. மணல், சாம்பல், நார், மட்காத பொருள்கள், செத்த நுண்ணுயிர்களின் உடல்கள் என ஒரு மிச்சம் ஆண்டுதோறும் அடியில் ஏறிக்கொண்டே வரும். மண்டி ஏற ஏற நடுநீருக்கான இடம் குறையும். இடம் குறைந்தால் தண்ணீர் நிற்கும் நேரம் குறையும். நேரம் குறைந்தால் படிய வேண்டியது படியாமல் தண்ணீரோடு சேர்ந்து வெளியே ஓடும். டேங்க் அப்போதும் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும், கழிப்பறையிலும் தண்ணீர் இறங்கும். கெடுவது அடுத்த கட்டத்தில் இருக்கும் உறிஞ்சுகுழி. கருங்கல் ஜல்லியும் செங்கல் சில்லும் போட்டு, தண்ணீரை மண்ணுக்குள் மெல்ல இறக்கக் கட்டிய குழி அது. அதன் சுவரிலும் அடியிலும் உள்ள மண்துளைகளை மண்டி மெழுகியது போல அடைத்துவிட்டால், பிறகு டேங்கை எத்தனை முறை உறிஞ்சினாலும் அந்தக் குழி பழையபடி குடிக்காது. புதிதாக ஒன்று தோண்ட வேண்டியதுதான். காலத்தில் லாரி கூப்பிடுவது டேங்குக்காக என்று நினைப்போம், காப்பாற்றப்படுவது உறிஞ்சுகுழி.

ஏட்டையும் மண்டியையும் தடுத்து நிறுத்த டேங்குக்குள் இருப்பவை எளிய ஏற்பாடுகள். உள்ளே வரும் குழாயின் முனையிலும் வெளியேறும் குழாயின் முனையிலும் ஒரு டி வடிவத் துண்டு. வரும் தண்ணீர் மேலே அடித்துக் கலக்காமல் அது கீழ்நோக்கித் திருப்பிவிடும். வெளியேறும் பக்கத்து டி, ஏட்டுக்குக் கீழே தலையை நுழைத்து நடுநீரை மட்டும் எடுக்கும். இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 2470 விதித்தொகுப்பு, வெளிக்குழாயை உள்குழாயைவிட 50 மில்லிமீட்டர் தாழ்வாக வைக்கச் சொல்கிறது. தொட்டியின் நீளம் அகலத்தைப்போல இரண்டு முதல் நான்கு மடங்கு இருக்க வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழ் ஒரு மீட்டர் ஆழமாவது வேண்டும். உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். முப்பதுக்கு நாற்பது அடி மனையில் வீடு கட்டி, முன்பக்கம் போர் போட்டு, பின்பக்கம் டேங்க் கட்டி, பக்கத்து மனைக்காரர் அதற்கு நேர் எதிராகச் செய்திருக்கும் தெருவில் இந்த 18 மீட்டர் கிடைப்பதே இல்லை. மண்டி தாண்டி வரக்கூடாது என்பது அங்கே இன்னும் பல மடங்கு முக்கியமாகிறது.

நம் ஊரில் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுவதில் பாதி செப்டிக் டேங்கே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பத்து சிமெண்ட் உறை இறக்கி, அடியில் தளம் போடாமல், மேலே மூடி வைத்துவிட்டால் அது உறிஞ்சுகுழி. "இருபது வருஷமாச்சு, எங்க டேங்க் ஒரு தடவைகூட ரொம்பல" என்று பெருமையாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த வகையினர். ரொம்பாததற்குக் காரணம், உள்ளே போவதெல்லாம் படியாமல் நேரே நிலத்தடி நீருக்குப் போவது. வேறு சிலர் டேங்கை ஒழுங்காகக் கட்டி, உறிஞ்சுகுழிக்கு இடமில்லாமல் வெளிக்குழாயைத் தெருச் சாக்கடையில் விட்டிருப்பார்கள். டேங்கிலிருந்து வரும் நடுநீர் கண்ணுக்குத் தெளிந்திருந்தாலும் நோய்க்கிருமியும் குடற்புழு முட்டையும் நிறைந்தது. தெருவில் விளையாடும் பிள்ளைகளின் காலில் படக்கூடாத தண்ணீர் அது.

மூன்றாவது வகை எனக்கு அதிகக் கவலை தருவது. "ஆயுசுக்கும் எடுக்க வேண்டாம்" என்று கொத்தனார் சொல்ல, பதினைந்து அடி நீளம், பத்து அடி அகலம், ஆளை விழுங்கும் ஆழம் என்று ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு கிணறு கட்டிவிடுவது. பெரிய டேங்க் தவறில்லை, தண்ணீர் அதில் நன்றாகத் தெளியும். ஆனால் அந்த 'வேண்டாம்' என்ற சொல்லை நம்பிப் பதினைந்து இருபது வருடம் திறக்காமல் விட்டால், அடியில் இருக்கும் மண்டி சேறாக இருப்பதில்லை. மேலே உள்ள எடை அழுத்தி அழுத்தி, களிமண்போல இறுகிவிடும். லாரியின் குழாய் தண்ணீரை உறிஞ்சும், தளர்ந்த சேற்றை உறிஞ்சும். இறுகிய களியை உறிஞ்சாது. அந்தக் கட்டத்தில்தான் யாராவது ஒருவர், "ஆளை இறக்கினா முடிஞ்சிரும்" என்று சொல்கிறார்.

அந்த வாக்கியத்தோடு கொஞ்சம் நிற்க வேண்டும். மண்டி அழுகும்போது உண்டாகும் வாயுக்களில் மீத்தேன் தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு நேரடி விஷம். பின்னது காற்றைவிடச் சற்றுக் கனமானது, குழியின் அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றமாக நம்மை எச்சரிக்கும். காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும்; நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். அளவு இன்னும் ஏறினால் சில மூச்சுகளில் ஆள் சுருண்டு விழுவார். டேங்கில் உள்ளவர் விழுந்ததைப் பார்த்து மேலே நிற்பவர் பதறி இறங்குவார், அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்குவார். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர், சில நேரம் அப்பாவும் பிள்ளையும் என்று செய்தி வருவது இதனால்தான். மண்டி கிளறப்படும்போது அதற்குள் அடைபட்டிருக்கும் வாயு ஒரேயடியாக வெளிப்படும் என்பதால், இறங்குவதற்கு முன் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிந்தாலும் அதில் உறுதியில்லை. மெழுகுவத்தி இறக்கிப் பார்ப்பது, மூடியைத் திறந்து அரைமணி நேரம் விடுவது போன்றவற்றை நம்பி இறங்கிய பலர் திரும்பவில்லை.

இறங்கச் சொல்லப்படுபவர்கள் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எந்தச் சாதியிலிருந்து அவர்கள் வருகிறார்கள், ஏன் அவர்களை மட்டும் தேடிப் போகிறோம் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னால், நம் வீட்டுக் கழிவுக்கு வேறொருவரின் உயிரை ஈடாக வைக்கும் பழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் பணி தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்துவதைத் தடை செய்கிறது. முதல் முறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு, ஐந்து லட்சம். ஒப்பந்தக்காரர்தானே கூட்டி வந்தார் என்று வீட்டுக்காரர் விலகிக்கொள்ள முடியாது; 'மறைமுகமாக' என்ற சொல் அதற்கும் சேர்த்துத்தான். 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா பத்து லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் சொன்னது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது.

இந்தச் சாவுகளுக்கும் ஒரு வீட்டுக்காரரின் அசட்டைக்கும் நடுவே நேரான ஒரு கோடு இருக்கிறது. மண்டி தளர்ந்திருக்கும்போதே எடுத்துவிட்டால் குழாய் ஒன்றே போதும், எவரும் குனிந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை. வருடக்கணக்கில் மறந்துவிட்டு, வீட்டில் விசேஷம் நாளைக்கு என்ற நிலையில், நள்ளிரவில், கிடைத்த ஆளைக் கூப்பிடும்போதுதான் மனிதர் குழிக்குள் போகிறார். எப்போது எடுப்பது என்ற கேள்வி அதனால்தான் வீட்டுப் பராமரிப்பைவிடக் கனமானது.

சரி, எப்போது எடுப்பது? பொதுச் சுகாதார வழிகாட்டிகள் இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை என்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு அதைப் பின்பற்றினாலும் நட்டமில்லை. ஆனால் நம் டேங்கின் கணக்கை நாமே போட்டுப் பார்ப்பது நல்லது. உள்ளளவு எட்டு அடி நீளம், நான்கு அடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் நாலரை அடி என்று வைத்துக்கொள்வோம். 144 கன அடி. லிட்டரில் சுமார் 4,080. மண்டியும் ஏடும் சேர்ந்து இதில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்தால் எடுக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அதாவது 1,360 லிட்டர். ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டுக்குச் சேரும் மண்டியைப் பொறியாளர்கள் 40 லிட்டர் என்றும் கணக்கில் கொள்வார்கள், 70 லிட்டருக்கு மேல் என்றும் கொள்வார்கள். வெப்பம், உணவு, உள்ளே போகும் தண்ணீர் எல்லாவற்றையும் பொறுத்தது. ஐந்து பேர் வீட்டில் 40 என்றால் ஆண்டுக்கு 200 லிட்டர், ஏழு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். 70 என்றால் 350 லிட்டர், நான்கு ஆண்டில் முடிந்துவிடும். நான்குக்கும் ஏழுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருப்பதால், கணக்கு திசையைத்தான் காட்டும். மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம் வந்துவிட்டால் அந்தத் திசையும் மாறிவிடும். அளந்து பார்ப்பது ஒன்றே உறுதி.

அளப்பது கடினமான வேலையில்லை. எட்டு, ஒன்பது அடி மூங்கிலோ பிவிசி குழாயோ வேண்டும். அதன் அடிப்பகுதி மூன்று அடிக்குப் பழைய வெள்ளை வேட்டித் துணியை இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள். வெளியேறும் குழாய்ப் பக்கத்து மூடியைத் திறந்து, காற்று வரும் திசையில் முதுகு காட்டி, சற்றுத் தள்ளி நில்லுங்கள். கூட இன்னொருவர் இருக்கட்டும். பீடி, தீக்குச்சி, கற்பூரம் எதுவும் அருகில் கூடாது. தலையை மூடி வாய்க்குள் நீட்ட வேண்டிய அவசியமே இல்லை. கோலைச் செங்குத்தாக, ஏட்டைத் துளைத்து, மெதுவாக அடித்தளம் தட்டும் வரை இறக்குங்கள். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே வைத்து, அசைக்காமல் மேலே எடுத்தால் துணியில் ஒரு கோடு தெரியும்: கீழே கறுப்பாக, துகள் ஒட்டிக்கொண்டு, மேலே வெறும் ஈரமாக. கறுப்பின் உயரமே மண்டியின் உயரம். ஏட்டின் கனத்தைப் பார்க்க, இன்னொரு குச்சியின் நுனியில் எல் போல ஒரு சிறு பலகையை அடித்து, அதை ஏட்டுக்குக் கீழே நுழைத்து மெல்லத் தூக்கினால் எங்கே தடை தட்டுகிறது என்று கைக்குத் தெரியும். நாலரை அடி ஆழத்தில் இரண்டும் சேர்ந்து ஒன்றரை அடி வந்துவிட்டால் லாரிக்குச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமை இன்னொரு வகையில் சொல்கிறது: ஏட்டின் அடிப்பக்கம் வெளிக்குழாய் டியின் அடிமுனைக்கு ஆறு அங்குலத்துக்குள் வந்தாலோ, மண்டியின் மேற்பரப்பு வெளிக்குழாய்க்குப் பன்னிரண்டு அங்குலத்துக்குள் வந்தாலோ எடுக்க வேண்டும். எந்த அளவுகோலை வைத்தாலும் பரவாயில்லை. மூன்றாம் ஆண்டில் தொடங்கி வருடம் ஒரு முறை, பங்குனி சித்திரை வெயிலில், நிலத்தடி நீர் இறங்கியிருக்கும்போது பார்த்துவிட வேண்டும். கையுறை போடுங்கள், துணியைக் கழற்றிப் புதைத்துவிட்டுக் கோலைக் கழுவி வெயிலில் போடுங்கள்.

மூடியைத் திறந்த அதே வேளையில் நீர்மட்டத்தையும் கவனித்தால், பாதி நோய் அங்கேயே பிடிபடும். வெளிக்குழாயின் மட்டத்திலேயே தண்ணீர் நின்றால் டேங்க் நலமாக இருக்கிறது. அப்படியிருந்தும் கழிப்பறையில் தண்ணீர் இறங்கவில்லை என்றால் அடைப்பு வீட்டுக்கும் டேங்குக்கும் நடுவில், குழாயிலோ சேம்பரிலோ இருக்கிறது. லாரி கூப்பிட்டுப் பயனில்லை, பிளம்பரைக் கூப்பிட வேண்டும். வெளிக்குழாய்க்கு மேலே தண்ணீர் ஏறி நின்றால் தடை அந்தப் பக்கம்: டியில் ஏடு சிக்கியிருக்கலாம், உறிஞ்சுகுழி குடிக்காமல் இருக்கலாம். லாரி வந்தால் சில நாள் நிம்மதி கிடைக்கும், அவ்வளவுதான். வெளிக்குழாய்க்குக் கீழே வெகுவாக இறங்கியிருந்தால் டேங்கில் விரிசல், மண்ணுக்குள் கசிகிறது. இதுதான் மூன்றிலும் ஆபத்தானது, ஏனென்றால் இதில் வீட்டுக்குள் எந்தத் தொந்தரவும் தெரியாது.

மழைக்காலத்துக்கு வருவோம். நிலத்தடி நீர் உறிஞ்சுகுழியின் அடிமட்டத்துக்கு மேல் ஏறிவிட்டால் குழிக்குப் போகும் தண்ணீருக்கு இறங்க இடமில்லை. அப்போது டேங்கைக் காலி செய்தால், மண்ணிலிருக்கும் தண்ணீர் குழி வழியாகவும் விரிசல் வழியாகவும் உள்ளே திரும்பி வரும். எங்கள் தெருவில் நடந்தது அதுதான். பிளாஸ்டிக், ஃபைபர் டேங்குகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: சுற்றிலும் நீர் நிற்க உள்ளே வெறுமையாக்கினால், தொட்டியே படகுபோல மேலெழும்பிக் குழாய்களை முறித்துவிடும். மழை விட்டு நிலம் வடியும் வரை செய்யக்கூடியது, வீட்டில் தண்ணீரைச் சிக்கனமாகப் புழங்குவது. துணி துவைத்த தண்ணீர் டேங்குக்குப் போகிற அமைப்பாக இருந்தால் அதைத் தற்காலிகமாகத் திருப்பிவிடுவது. ஃபிளஷ் தொட்டியின் வால்வு கசிந்து நூலாக ஓடிக்கொண்டிருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். இரவும் பகலும் ஒழுகும் அந்த நூல் ஒரு குடும்பம் ஊற்றும் தண்ணீருக்கு இணையாகச் சேர்ந்துவிடும்.

உள்ளே எதைப் போடலாம் என்பதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாப்கின், டயப்பர், ஆணுறை, தலைமுடி, ஈரத் துடைப்பான் எதுவும் அழுகாது. ஏட்டோடு பின்னிக்கொண்டு டியை அடைக்கும், லாரியின் குழாயையும் அடைக்கும். சமையலறைச் சிங்க் டேங்கோடு இணைக்கப்பட்டிருந்தால் எண்ணெய்ச் சட்டியைக் கழுவுமுன் துடைத்துவிடுங்கள். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் அளவாகப் புழங்கினால் நுண்ணுயிர் தாங்கிக்கொள்ளும், பாட்டில் பாட்டிலாக ஆசிட் ஊற்றினால் தாங்காது.

எதை ஊற்றினால் நல்லது என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஈஸ்ட், வெல்லக் கரைசல், புளித்த மோர், கடையில் விற்கும் பாக்டீரியாப் பொடி. தினமும் நாம் அனுப்புவதிலேயே வேண்டிய நுண்ணுயிர் கோடிக்கணக்கில் இருக்கிறது. மேலும் சேர்க்க அவசியமில்லை. மணலையும் நாரையும் கரைக்கும் பொடி எதுவும் இல்லை. மண்டியைக் கலக்கி வெளியே தள்ளுகிற மருந்தாக இருந்தால், அது உறிஞ்சுகுழிக்குக் கெடுதல். சாணக் கரைசல் மட்டும் வெறும் நம்பிக்கை இல்லை. புது டேங்கைத் தொடங்கும்போது தண்ணீர் நிரப்பி, வேறு டேங்கின் செரித்த மண்டியோ அது கிடைக்காவிட்டால் மக்கிய சாணமோ கொஞ்சம் இடலாம் என்று ஐ.எஸ். 2470 விதித்தொகுப்பே சொல்கிறது. ஒரு முறை, தொடக்கத்தில். வருடா வருடம் ஊற்ற வேண்டியதில்லை.

லாரி வரும் நாளில் வீட்டுக்காரர் உடனிருக்க வேண்டும். இரண்டு அறை உள்ள டேங்கானால் இரண்டின் மூடியையும் திறந்து இரண்டிலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். மண்டியில் பெரும்பங்கு முதல் அறையில் இருக்கும். பலர் எட்டும் மூடியில் குழாயை விட்டு மேல்தண்ணீரை மட்டும் எடுத்துப் போய்விடுகிறார்கள். லோடு ஒன்று நிரம்பியது, மண்டி அப்படியே அடியில். கெட்டியாக இருந்தால், உறிஞ்சிய நீரையே வேகமாக உள்ளே திருப்பி அடித்துக் கரைத்து மறுபடி உறிஞ்சலாம். பம்பே அதைச் செய்யும். எவ்வளவு அடம் பிடித்தாலும் ஆள் இறங்கக் கூடாது என்பதை வேலை தொடங்குமுன்பே, உரத்துச் சொல்லிவிடுங்கள். "கால் வச்சு லேசா கிளறி விட்டா போதும்ணே" என்று யாராவது ஆரம்பித்தால், வேண்டாம், மிச்சம் இருக்கட்டும் என்று சொல்லிவிடலாம். மிச்சத்தை அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம். உறிஞ்சி முடிந்ததும் வெளிக்குழாய் வழியே தண்ணீர் உள்ளே திரும்பி வருகிறதா என்று மேலிருந்தே பாருங்கள். வந்தால் உறிஞ்சுகுழி நிரம்பி நிற்கிறது என்று அர்த்தம். பினாயில் ஊற்றிக் கழுவ வேண்டாம். நல்ல தண்ணீரைக் கொஞ்சம் விட்டு மூடிவிட்டால் போதும்.

அந்த லோடு எங்கே போகிறது என்றும் கேளுங்கள். ஏரிக்கரையில், பாலத்துக்கு அடியில், மழைநீர் வடிகாலில் இருட்டில் திறந்துவிட்டுப் போகும் லாரிகளைப் பார்த்திருக்கிறோம். அடுத்த கோடையில் அதே ஏரியின் தண்ணீர்தான் டேங்கர் லாரியில் நமக்கு வருகிறது. தமிழ்நாட்டில் கழிவுநீர் லாரிகளுக்கு உள்ளாட்சி அமைப்பின் உரிமம் வேண்டும் என்று 2022இல் சட்டம் திருத்தப்பட்டது. எடுத்ததைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இறக்க வேண்டும். இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழியில் இத்தகைய மண்டிக்கென்றே 2017இல் தனி நிலையம் தொடங்கப்பட்டது. மணல் படுகைகளில் மண்டியைப் பரப்பி உலர்த்துகிறார்கள். வேறு பல ஊர்களில் நகராட்சியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே லாரி இறக்க இடம் வைத்திருக்கிறார்கள். 14420 என்ற எண்ணை அழைத்து உரிமம் பெற்ற லாரியைக் கேட்கலாம். தெருவில் கிடைப்பவரைவிடச் சில நூறு ரூபாய் கூடுதலாகலாம். தோப்புக்கு உரமாக விடுகிறோம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பதப்படாத மண்டியில் குடற்புழு முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், செருப்பில்லாமல் வாழைக்குத் தண்ணீர் கட்டுபவரின் காலில்தான் அது ஒட்டும்.

மூடியைப் பற்றி ஒரு சொல். வீடு புதுப்பிக்கும்போது முற்றத்தில் டைல்ஸ் ஒட்டி, மூடியைப் புதைத்துவிடுகிறார்கள். லாரி வந்த நாளில் கடப்பாரையால் தட்டித் தட்டித் தேடி, சிலாப்பை உடைத்து, பிறகு அந்த இடத்தை ஏதாவது தகரத்தால் மூடி வைக்கிறார்கள். துருப்பிடித்த இரும்பு மூடி இன்னும் மோசம். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு பள்ளியின் செப்டிக் டேங்க் மூடி உடைந்து, எல்கேஜி படித்த ஒரு சிறுமி உள்ளே விழுந்து இறந்தாள். அந்தச் செய்தியைப் படித்த அன்று மாலை நான் எங்கள் வீட்டு மூடியின் மேல் ஏறி நின்று பார்த்தேன். விளிம்பில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. மறுநாள் கம்பி கட்டிய கான்கிரீட் மூடி இரண்டு சொல்லி, ஒவ்வோர் அறைக்கு மேலும் ஒன்று வைத்து, தனியாளாய்த் தூக்க முடியாத எடையில், தரைமட்டத்துக்கு நான்கு விரற்கடை மேலே நிற்கும்படி பதித்தேன்.

வீட்டுப் பத்திரம் இருக்கும் கோப்பில் இப்போது ஒரு தாள் கூடுதலாக இருக்கிறது. பின்சுவரிலிருந்து எத்தனை அடியில் முதல் மூடி, அங்கிருந்து எத்தனை அடியில் இரண்டாவது, குழாய் எந்தப் பக்கம் போகிறது, உறிஞ்சுகுழி எங்கே என்று ஒரு படம். அதற்குக் கீழே தேதி, மண்டி இத்தனை அங்குலம், ஏடு இத்தனை அங்குலம். முதல் வரி பங்குனியில் எழுதியது: மண்டி ஒன்பது, ஏடு மூன்று. அடுத்த பங்குனிக்கு அதன் கீழே இடம் விட்டிருக்கிறேன்.